சனிக்கிழமை இல்லாத தேனிலவு

4

சந்தேகப் பிராணி ஒருவனின் கையில் கிடைக்கவே கூடாத காகிதம் ஒன்று, அன்று காலை தெராயின் கையில் கிடைத்தது. அதுவும் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து.

மௌபித்தித் தீவில் வீட்டு வாசலில் 'துப்பறிவாளர்' என்று பலகை மாட்டியிருந்த ஒரே ஆள் தெராய். இருபது வருடம் ஊர்ப் போலீஸாக இருந்து ஓய்வு பெற்றவன். பன்றி காணோமா, படகு என்ஜின் காணோமா, அவனிடம் சொன்னால் போதும். ஆனால் அம்மாவும் பிள்ளைகளும் இருக்கிற அதே வீட்டுக்குள் அவன் நடத்திவந்த விசாரணைக்குத்தான் பத்தொன்பது வருடமாக முடிவே இல்லை. விசாரிக்கப்படுகிறவள் அவன் மனைவி மோயா.

மனைவி என்பது பேச்சுக்கு. அந்தத் தீவில் பலரும் செய்கிற மாதிரி, சேர்ந்து வாழ ஆரம்பித்து, பிள்ளைகள் பெற்று, கல்யாணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட ஜோடி அவர்களும். போன வருடம், காலில் முள் குத்திய ஒரு சுற்றுலாப் பயணிக்கு மோயா முள்ளை எடுத்துவிட்டாள். தெராய் துடுப்பைத் தூக்கிக்கொண்டு அந்த ஆளைத் துரத்தினான். அன்றே அவள் தங்கை வீட்டுக்குக் கப்பல் ஏறி, இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பினாள். திரும்பும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "யாரு கூட, எதுக்குன்னு இன்னொரு தடவ நீ வாயத் தொறந்து கேட்டா, அதோட முடிஞ்சுது. நான் திரும்பி வரமாட்டேன்."

அதனால் கேட்கக் கூடாது. துப்பறியலாம். அதற்குத் தடை ஒன்றும் இல்லையே!

"படிடா," என்று காகிதத்தை நீட்டினான் தெராய்.

வாங்கிக்கொண்டவன் புனுவா. தெராயின் உதவியாளன். மோயாவின் கூடப்பிறந்த தம்பி. அக்காவை வேவு பார்க்க அக்கா புருஷனுக்கே துணை போகும் கொடுமையை அவன் வாய் நிறையச் சிரித்துத்தான் தாங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா கையெழுத்து. தேனிலவுத் திட்டம். இதுல என்ன மச்சான்? அவ பொழப்பே இதுதானே? ஊருக்கு வர்ற புதுஜோடிய எங்க கூட்டிட்டுப் போகணும், என்ன சமைச்சுப் போடணும்னு எழுதிக் குடுக்கறா."

"மேல பாரு. ஜோடி பேரு எழுதியிருக்காளா? எந்த விடுதின்னு எழுதியிருக்காளா?"

"இல்ல."

"எந்த எடம்னு படி."

புனுவா படித்தான். சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "காயலுக்கு அக்கரை, ஔயிரா திட்டு. நம்ம குடிசை."

"என் குடிசை!" தெராய் மேசையில் அடித்த அடியில் டப்பா உருண்டது. "ஒவ்வொரு கம்பும் நான் வெட்டினது. அவளுக்காகக் கட்டினதுடா. அதுல எவனோ ஒருத்தன் நாலு ராத்திரி தங்கப் போறான். நாளன்னிக்கு, வியாழக்கிழமை!"

 அந்த எவனோ ஒருத்தன் தன் பாயில் படுத்து, தன் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்து, மோயா பிழிந்த தேங்காய்ப்பாலைக் குடிப்பதுவரை தெராய்க்குக் கண்ணெதிரே தெரிந்தது. முகம் மட்டும்தான் தெரியவில்லை. அந்த முகத்தைக் கண்டுபிடிக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"அக்காவக் கேட்டுட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்," என்றான் புனுவா.

"கேட்டா போயிடுவாடா."

"அப்ப கேக்காதீங்க. உங்க மூஞ்சிய மட்டும் கொஞ்சம் மாத்தி வைங்க. இந்த மூஞ்சியே கேக்குது."

தெராய் காகிதத்தை மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கிழங்கை வைத்து அழுத்தினான். தொழில் என்று வந்துவிட்டால் அவனுக்குக் கை நடுங்காது.

"இருக்கறத எல்லாரும் படிப்பான். இல்லாததப் படிக்கணும் மாப்ள. வியாழன், திருக்கை பாக்கப் போறாங்க. வெள்ளி, படகுச் சவாரி. ஆனா பொழுது சாயறதுக்குள்ள சமையல் முடியணும்னு ரெண்டு கோடு போட்டிருக்கா. சனிக்கிழமை?"

"வெறும் கோடு. ஒண்ணுமே இல்ல."

"ஞாயித்துக்கிழம மண் அடுப்பு. உள்ள என்ன வேகுது?"

"கோழி, சீமைப்பலா, சேப்பங்கிழங்கு."

"பன்னி எங்க?"

புனுவாவின் வாய் திறந்து நின்றது. மண் அடுப்பு மூட்டிவிட்டுப் பன்றியைப் போடாமல் மூடுகிறவர்கள் அந்த ஊரில் ஒரே ஒரு கூட்டத்தார்தான்.

"பன்னி இல்ல, நண்டு இல்ல, பீர் இல்ல, காப்பி கூட இல்ல. வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா அடுப்பு மூட்டக் கூடாது. சனிக்கிழமை ஓய்வு. பையன் ஏழாம் நாள் சபைக்காரன்!"

"ஞாயித்துக்கிழமை காலையில கோயிலுக்குப் படகுன்னு போட்டிருக்கே?"

"அது அவளுக்கு. நம்ம கோயில் ஞாயித்துக்கிழமைதானே? மாப்பிள்ளைக்குச் சனி, பொண்ணுக்கு ஞாயிறு. எவ்வளவு பாசமாப் பங்கு போட்டிருக்கா பாரு!" தெராய்க்குக் குரல் உடைந்தது. தனக்காக ஒரு நாளாவது அவள் இப்படி யோசித்து எழுதியதுண்டா? எழுதச் சொல்லித் தான் கேட்டதுண்டா என்பதை அவன் யோசிக்கவில்லை. பொறாமைக்கு அந்தப் பக்கம் கண் கிடையாது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. நாலு நாளும் மீன் என்ன?"

"சூரை. சூரை. மறுபடியும் சூரை."

"காயல் நிறைய மீன் துள்ளுது. கிளிமீன் ஒண்ணு உண்டா? களவா உண்டா? பாறை மீனே கெடையாது. வெளிக்கடல் மீன் மட்டுந்தான். ஏன்?"

புனுவா மெதுவாகச் சொன்னான். "விஷ மீன் தின்னவன்."

பவளப்பாறை சில சமயம் கெட்டுப்போகும். அங்கே மேய்ந்த மீனைத் தின்றவன் மாதக்கணக்கில் பாறை மீனைத் தொடக் கூடாது. ஆனால் அதைத் தின்றதாக மௌபித்தியில் எந்த ஆணும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஒப்புக்கொண்டால் எந்தப் பாறை கெட்டது என்றுகூடத் தெரியாதவன் என்று ஊர் சிரிக்கும். சொறிந்துகொண்டே, கொசு கடித்தது என்பான். மருத்துவமனை நர்ஸம்மாவும் வாயைத் திறக்கமாட்டாள்.

"எப்படிக் கண்டுபிடிக்கறது மச்சான்? ஒவ்வொருத்தனையும் சட்டையக் கழட்டச் சொல்லி சொறி இருக்கான்னு பாக்கறதா?"

"ஐஸ் பெட்டிய எடு," என்றான் தெராய்.

விஷ மீன் தின்றவனுக்குச் சில்லென்ற பொருள் பட்டால் நெருப்பு பட்ட மாதிரி சுடும். வாய் பொய் சொன்னாலும் கை சொல்லாது.

சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருக்கும் அந்த ஏழாம் நாள் கிறிஸ்தவ சபையில் பெண்டாட்டி இல்லாத ஆண்கள் மூன்றே பேர். ஒருவன் மூன்று மாதமாகத் தலைநகர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். மிச்சம் இரண்டு. முதல் ஆள் தேமனா, பள்ளிக்கூடத்தின் விளையாட்டு வாத்தியார். நாற்பது வயது, தோள் இரண்டும் கதவு அகலம். திருவிழாவில் அவன் ஆடினால் பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும்.

"இவன்தான்," என்று தெராய் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். "அன்னிக்கே பாத்தேன். துடுப்புப் போட்டியில ஜெயிச்சுட்டு இவளப் பாத்துச் சிரிச்சான்."

"ஜெயிச்சவன் சிரிக்கத்தான் செய்வான். அழுதிருந்தா கேஸு."

தேமனா மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். புனுவா ஐஸ் பெட்டியைத் திறந்து சோடா பாட்டில் ஒன்றை நீட்டினான். "வெயில்ல கஷ்டப்படறீங்களே வாத்தியாரே, இந்தாங்க."

தெராய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். தேமனா பாட்டிலை வாங்கினான். நெற்றியில் உருட்டினான். கழுத்தில் உருட்டினான். கடைசியில் சட்டைக்குள் விட்டு மார்பில் வைத்துக்கொண்டு, "ஆகா!" என்று கண்ணை மூடினான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது தெராய்க்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம். இவனாக இருந்திருந்தால், அழகில் தோற்றோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவாவது வழியிருந்திருக்கும்.

"மிச்சம் இருக்கற ஆள் யாருன்னு தெரியுமில்ல?" என்றான் புனுவா. அவனுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரொட்டிக் கடை எனோஹா. வயசு அறுபத்தாறு."

தெராய் அப்படியே நின்றான். மோயா வாங்கி வருகிற ரொட்டி ஒரு மாதமாகக் கொஞ்சம் நீளமாகவே இருப்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று கப்பல் வந்திருந்தது. துறையில் மாவு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. எனோஹா ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் தூக்கிக் கடைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. ஆனால் மூட்டை அவர் தோளில் தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்கு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிழவன் பாடுகிறான்! தெராய்க்குக் காது மடல் சூடேறியது.

"வாங்க தம்பி!" என்றார் எனோஹா. முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக ஓடின.

"சோடா குடிங்க பெரியவரே," என்று புனுவா பாட்டிலை நீட்டினான்.

"அப்படி வச்சிடுப்பா."

"கையில வாங்குங்க. கேஸ் போயிடும்."

எனோஹா தோள் துண்டை இழுத்து, பாட்டிலைச் சுற்றிப் பிடிக்கப் பார்த்தார். துண்டு நழுவியது. கண்ணாடி விரலில் பட்டதும் அடுப்பைத் தொட்டவர் மாதிரி கையை உதறினார். பாட்டில் தரையில் உடைந்து நுரைத்தது.

 தெராய் உடைந்த கண்ணாடியைத் தாண்டி இரண்டடி முன்னால் வந்தான்.

"வியாழக்கிழமை கடை உண்டா?"

எனோஹா குனிந்துகொண்டார். அறுபத்தாறு வயது கன்னம் சிவப்பதை அன்றுதான் தெராய் பார்த்தான். "இல்ல தம்பி. திங்கள் வரைக்கும் அடைப்பு. உங்ககிட்ட நானே வந்து பேசியிருக்கணும். அவதான் வேண்டாம்னுட்டா. உங்களுக்குக் கோவம் வருமாம். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னா."

அவ! தெராயின் கை தானாக, மாவு தேய்க்கும் கட்டையை எடுத்தது.

"என் குடிசையில, என் பாயிலயே..."  கட்டை தலைக்குமேல் போய்விட்டது. எனோஹா நகரவில்லை. வாங்கிக்கொள்ளத் தயாரானவர் மாதிரி கண்ணை மட்டும் மூடினார்.

"மச்சான், நில்லுங்க!" புனுவா அந்தக் கையில் தொங்கினான். மறுகையில் தேனிலவுக் காகிதம். "ஒரே ஒரு கேள்வி. இதுல தர்பூசணி எங்க?"

"என்னது?"

"இல்லாததப் படிக்கணும்னீங்களே. திட்டு பூரா தர்பூசணி வெளையுது. எங்கக்கா அத விதையோட முழுங்கறவ. தலைப்பிரசவத்துக்குப் போறப்பக்கூட ஒண்ண இடுப்புல வச்சிட்டுப் போனா. அவ தேனிலவுல நாலு நாளும் ஒரு துண்டு தர்பூசணி கெடையாதா?"

கட்டை அந்தரத்தில் நின்றது.

"வாழைப்பழ அல்வாவும் இல்ல. தேன் இல்ல. இனிப்புன்னு ஒரு துளி இல்ல. மலை ஏறறதுன்னு எழுதி அடிச்சிருக்கா. காயல நடந்து கடக்கறதுன்னு எழுதி, அதையும் அடிச்சிட்டுப் படகுன்னு போட்டிருக்கா. சர்க்கரை வியாதி, முட்டி வலி. ஞாயித்துக்கிழமை கோயில். இதெல்லாம் உங்க வீட்ல யாருக்கு மச்சான்? மாப்பிள்ளையவே தேடினீங்களே, பொண்ணத் தேடவே இல்லையே!"

கட்டை மெல்ல இடுப்பளவுக்கு இறங்கியது. 

"பலகையில ஒட்டி எட்டு நாளாச்சே தம்பி," என்றார் எனோஹா, கண்ணைத் திறக்காமலே. "ஊரே வாழ்த்திட்டுப் போச்சு. உங்க கோவத்துக்குப் பயந்து உங்க ரெண்டு பேர் காதுல மட்டும் யாரும் போடல."

ஊராட்சி அலுவலகம் ரொட்டிக் கடைக்கு எதிரேதான். கல்யாணம் செய்கிறவர்கள் பெயரைப் பத்து நாளாவது வாசல் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். இருபது வருடம் அந்தக் காகிதங்களைத் தன் கையால் ஒட்டியவன் தெராய். ஒட்டினவன் எவன் படித்தான்? அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சைக்கிளை அந்தப் பலகைமேல்தான் சாய்த்துவைப்பான். இன்றைக்கும் சாய்த்துவைத்திருந்தான்.

புனுவா அவனைத் தெருவைத் தாண்டி இழுத்துவந்து, சைக்கிளை நகர்த்தினான். பின்னால் காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது. மணமகன் எனோஹா, ரொட்டி சுடுபவர், மனைவியை இழந்தவர். மணமகள் மரேத்தா, அறுபத்தெட்டு வயது, கணவரை இழந்தவர்.

மரேத்தா, தெராயைப் பெற்றவள்.

"இனிமே பெரியவர 'அப்பா'ன்னு கூப்பிடப் பழகுங்க," என்றான் புனுவா. பிறகு தெராயின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மோயா இல்லை! முதலில் வந்தது அதுதான். மார்பில் உட்கார்ந்திருந்த பாறை உருண்டு போயிற்று. ஆனால் அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அம்மாவா? அப்பா போய்ப் பதினோரு வருடம். அவர் உட்கார்ந்த நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடாதவன் தெராய். அம்மாவுக்கு மீன் கொண்டுவந்த ஒரு மனிதரை வாசலோடு திருப்பி அனுப்பியவன். இப்போது இந்த மாவுக்கார மனிதர் அவள் கையைப் பிடித்துப் படகில் ஏற்றப் போகிறாரா? பழைய பொறாமை போன இடத்தில், சூடு ஆறுவதற்குள், புதுப் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது.

"படிச்சு முடிச்சியா?"

மோயா பின்னால் நின்றிருந்தாள். கையில் இஸ்திரி போட்ட வெள்ளைக் கவுன், அத்தைக்கு. அவள் பார்வை புனுவாவின் கையிலிருந்த காகிதத்தில் இருந்தது. பிறகு, மாவுக்கட்டையை இன்னும் பிடித்திருந்த தெராயின் கைக்கு வந்தது. அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, சத்தியமா அவர் கேக்கல," என்று முந்திக்கொண்டான் புனுவா. "துப்புதான் அறிஞ்சார்."

"அரிசி டப்பா வரைக்கும் அறிஞ்சாச்சா?" மோயா தெராயின் அருகில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "தெராய், ஒரு நாள் சாயங்காலம் உங்கம்மா என் சமையக்கட்டுல வந்து நின்னாங்க. அறுபத்தெட்டு வயசு. பதினாறு வயசுப் பொண்ணாட்டம் வாசலத் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. 'எம் மவனுக்குத் தெரிய வேணாம்மா, அவரப் போட்டு அடிச்சுடுவான்'னாங்க. பெத்த தாய் உனக்குப் பயந்து ஒளிஞ்சு கல்யாணம் பண்றாங்க. நல்லாருக்கா உனக்கு?"

தெராய் கட்டையைக் கீழே போட்டான். வெட்கம் முகத்தைச் சுட்டது. எட்டு நாளாக ஊர் முழுக்கத் தெரிந்த சந்தோஷம், அவன் ஒருவனுக்குப் பயந்து அரிசிக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. "தப்பு மோயா. தப்புதான். நானே அம்மாவக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

அவன் மனதாரத்தான் சொன்னான். மோயாவுக்கும் அது தெரிந்தது. பல மாதமாகப் பார்க்காத ஒரு இளக்கம் அவள் கண்ணில் வந்தது.

"வியாழக்கிழமை நான்தான் அவங்கள அக்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். "நாலு நாளும் பக்கத்துக் கொட்டகையில தங்கிச் சமைச்சுப் போடணும். நீ வராத. சின்னஞ்சிறுசுங்க, தனியா இருக்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "திரும்பி வந்ததும், அந்தப் பலகையில நம்ம பேரையும் ஒட்டச் சொல்லலாமா? பத்தொன்பது வருஷமாச்சு."

தெராய் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பத்தொன்பது வருடத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை. ஒரே ஒரு சொல் போதும்.

"கொட்டகையில உன்கூட வேற யாரு தங்கறா?"

சொல் வெளியே விழுந்த பிறகுதான் அது தன்னுடையது என்று அவனுக்குத் தெரிந்தது. பிடித்து உள்ளே போட வழியில்லை. புனுவா கண்ணை மூடிக்கொண்டான்.

மோயா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. வெள்ளைக் கவுனைச் சுருக்கம் விழாமல் தெராயின் கைகளில் வைத்தாள். தம்பியிடமிருந்து காகிதத்தை வாங்கி அதன்மேல் வைத்தாள்.

"அத்தைக்குக் கவுன். இது திட்டம். எல்லாம் எழுதியிருக்கு, எழுதாததும் உனக்குப் படிக்கத் தெரியும். அவங்க ரெண்டு பேரையும் நல்லாப் பாத்துக்கோ."

"மோயா..."

அவள் தம்பியிடம் திரும்பினாள். "கப்பல் எத்தன மணிக்குடா?"

புனுவாவின் வாயில் அன்று முதல்முறையாக ஒரு சிரிப்புக்கூட இல்லை.

"மாவு எறக்கினதும் கெளம்பிடும்க்கா."

மோயா துறையை நோக்கி நடந்தாள். கடைசி மூட்டை அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் கல்யாணக் கவுனைக் கையில் ஏந்திக்கொண்டு, ஓடவும் முடியாமல், தெராய் நடுத்தெருவில் நின்றான்.